அடிக்கடி இணைப்பு அறுந்துபோகும் மவுஸ்: குற்றம் எங்கே என்று பிடிப்பதும் கேபிளை ஒட்டுப்போடுவதும்

மேசைக்கு வந்தது ஒரு சாதாரண ஒயர் மவுஸ். இரண்டு பட்டன், ஒரு வீல், 1.8 மீட்டர் கேபிள். புகார் இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே கர்சர் நின்றுவிடும், யூஎஸ்பி கழன்றதுபோல் கணினி ஒலி எழுப்பும், இரண்டு நொடி கழித்துச் சேர்ந்த ஒலி வரும், கர்சர் மறுபடி நகரும். ஒரு நாள் மணிக்கு ஒருமுறை, இன்னொரு நாள் நிமிடத்துக்கு நாலு முறை.

இப்படி ஒரு மவுஸ் கையில் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடக் கூடாது. முதலில் கவனிக்க வேண்டியது, எப்போது இணைப்பு அறுகிறது என்பதை. கை எடுத்துச் சிறிது நேரம் சும்மா விட்டபின் மட்டும் அறுந்து, கிளிக் செய்ததும் உயிர் வந்தால், அது மின்சாரம் சேமிக்கும் செட்டிங். கை நகரும்போதே அறுந்தால் கேபிள் அல்லது கனெக்டர். ஒயர்லெஸ் மவுஸாக இருந்து, பக்கத்தில் இன்னொரு கருவியைச் செருகியபின் தடுமாற ஆரம்பித்தால் ரேடியோ இரைச்சல். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரிக்காமல் மவுஸின் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவிக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம். உள்ளே செம்பு அறுந்திருந்தால் எந்த டிரைவரும் அதை ஒட்டாது.

இந்த மவுஸ் கை நகரும்போது அறுந்தது. ஆகவே சந்தேகம் கேபிள் மேல்.

எந்த இடம் என்று கண்டுபிடிப்பது

கேபிளை ஆட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் மவுஸும் சேர்ந்து ஆடினால் ஒன்றும் தெரியாது. மவுஸை மேசையில் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். பிறகு கேபிள் மவுஸுக்குள் நுழையும் கழுத்தை மேலே, கீழே, இடது, வலது என நான்கு பக்கமும் வளைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து நொடி பிடிக்க வேண்டும். அடுத்து பத்து சென்டிமீட்டருக்கு ஓரிடமாக கேபிள் நெடுக. பிறகு பிளக்கின் கழுத்து. கடைசியாக, கேபிளைத் தொடாமல் பிளக்கை மட்டும் போர்ட்டுக்குள் ஆட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில் அறுந்தால் குற்றம் போர்ட்டுடையது, மவுஸுடையதல்ல. வேறு போர்ட்டில் மாட்டி உறுதி செய்துகொள்ளலாம். அதுவும் கணினியின் பின்பக்கம், மெயின் போர்டிலேயே இருக்கும் போர்ட்டாக இருக்கட்டும். முன்பக்கப் போர்ட்டுகள் பெட்டிக்குள் இன்னொரு கேபிள் வழியாக வருபவை. அங்கேயும் ஒரு கனெக்டர் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

லினக்ஸ் இருந்தால் கெர்னல் பதிவை (கருவிகளுக்கு நடப்பதை இயங்குதளம் தானே எழுதிவரும் குறிப்பு) ஓடவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே வளைக்கலாம். கழன்றது, சேர்ந்தது இரண்டும் நேரத்தோடு வரும். சேரும்போது -71 என்று பிழை வந்தால் தரவு சிதைந்து வருகிறது, -110 என்றால் பதிலே வரவில்லை என்று பொருள். இரண்டும் அடிக்கடி வந்தால் தரவு ஒயரில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். பிழை எதுவும் இல்லாமல் சுத்தமாகக் கழன்று சுத்தமாகச் சேர்ந்தால், மின்சாரம் போய்ப் போய் வருகிறது என்று நினைக்க இடம் உண்டு. விண்டோஸில் இவ்வளவு துல்லியம் கிடைக்காது, ஒலியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மவுஸ் அடியில் எரியும் சிவப்பு விளக்கு அணைந்தால் மின் ஒயர் அறுந்தது, எரிந்துகொண்டே இருந்தால் தரவு ஒயர் அறுந்தது என்று சொல்வார்கள். அரைகுறை உண்மை. கணினியிலிருந்து 3 மில்லி நொடிக்கு எந்தச் சைகையும் வராவிட்டால் யூஎஸ்பி கருவி தூக்க நிலைக்குப் போக வேண்டும் என்பது விதி. ஆகவே தரவு ஒயர் அறுந்தாலும் சில மவுஸ்கள் விளக்கை மங்கலாக்கும் அல்லது அணைத்துவிடும். விளக்கு எரிகிறது என்றால் மின்சாரம் வருகிறது என்று நம்பலாம். அணைந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இந்த மவுஸில் கழுத்தை இடது பக்கம் வளைத்ததும் உடனே அறுந்தது. வலது பக்கம் எவ்வளவு வளைத்தாலும் அசையவில்லை. பிளக் பக்கம் சுத்தம். பத்து ஒயர் மவுஸ் வந்தால் பெரும்பாலானவற்றில் உடைப்பு இதே கழுத்தில், ரப்பர் முடியும் இடத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். கை நகரும்போதெல்லாம் மடிவது அந்த இடம் ஒன்றுதான். செம்பு இழைகள் ஒவ்வொன்றாகக் களைத்து அறுகின்றன, மேலே இருக்கும் உறை மட்டும் புதிதுபோல் இருக்கிறது.

திறப்பது

ஸ்க்ரூ கண்ணில் படாது. அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பாதங்களுக்குக் கீழேயோ ஸ்டிக்கருக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும். ஸ்டிக்கரை விரல் நுனியால் தடவி அழுத்தினால் குழி இருக்கும் இடம் தெரியும், அந்த இடத்தில் மட்டும் குத்திக் கிழித்தால் போதும். பாதங்களை ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடாக்கி, பிளேடு நுனியைக் கொடுத்து மெல்லத் தூக்கினால் பசையோடு வரும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். குளிரிலேயே பிடுங்கினால் வளைந்துவிடும். வளைந்த பாதத்தை ஒட்டினால் மவுஸ் மேசையில் நொண்டும்.

இதில் ஒரே ஒரு ஸ்க்ரூ, பின்பக்கம். அதைக் கழற்றியபின் பின்பக்கத்தைத் தூக்கி, மேல் மூடியைப் பின்னோக்கி இழுத்தால் முன்பக்கக் கொக்கிகள் விடுபடும். மூடியை ஒரேயடியாகத் தூக்க வேண்டாம். பக்கப் பட்டன் உள்ள மாடல்களில் மேல் மூடியும் அடிப்பகுதியும் ஒரு மெல்லிய பட்டை ஒயரால் இணைந்திருக்கும், அது கிழிந்தால் இணைப்புக் கோளாறோடு புதுக் கோளாறும் சேரும். வீல், அதன் ஸ்பிரிங், லென்ஸ் இருக்கும் நிலையை ஒரு போட்டோ எடுத்துவிடுவது நல்லது. லென்ஸின் மேல் விரல் படக் கூடாது.

போர்டில் கேபிள் ஒரு வெள்ளைக் கனெக்டரில் வந்து சேர்கிறது. ஒயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் இரு பக்கத்தையும் ட்வீசரால் பிடித்து மாறி மாறித் தூக்கினால் வந்துவிடும். இதில் ஐந்து ஒயர்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் தரவு, ஐந்தாவது கேபிளின் பின்னல் உறையிலிருந்து வரும் ஷீல்டு. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மவுஸ் கேபிள்களில் இந்த நிற வரிசையை மீறியவை நிறைய உண்டு.

அளப்பது

மல்டிமீட்டரில் பீப் ஒலிக்கும் கன்டினியூட்டி சோதனைதான் கை தானாகப் போகும் இடம். இங்கே அது ஏமாற்றும். பல மீட்டர்கள் 30, 50 ஓம் வரைக்கும் பீப் அடிக்கும். இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் வரும், 'ஒயர் நல்லது' என்று முடிவு செய்துவிடுவோம். 200 ஓம் வீச்சில் வைத்து எண்ணைப் படிக்க வேண்டும்.

எவ்வளவு வர வேண்டும்? 28 ஏடபிள்யூஜி (ஒயரின் தடிமனைக் குறிக்கும் எண்) செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். 1.8 மீட்டருக்கு 0.4 ஓம் அளவில். இன்னும் மெல்லிய ஒயராக இருந்தால் 1 ஓம் வரை போகலாம். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும், அதுவே 0.2, 0.3 இருக்கும். ஒரு முனை யூஎஸ்பி பிளக்கின் தகட்டில், மறுமுனை கனெக்டரின் பின்னில். பிளக்கில் நான்கு தகடுகள்: ஓரத்து இரண்டும் 5 வோல்ட்டும் கிரவுண்டும், நடு இரண்டும் தரவு.

கழித்தபின் வந்த அளவுகள்: கறுப்பு 0.5, பச்சை 0.5, வெள்ளை 0.5. சிவப்பு அசையாமல் இருக்கும்போது 4.8, கழுத்தை இடப்பக்கம் வளைத்தால் எண்ணே இல்லை. குற்றவாளி கிடைத்தாகிவிட்டது. மவுஸ் 100 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், 4.8 ஓமில் கிட்டத்தட்ட அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒயர் முழுதாக அறுவதற்கு முன்பே சில மவுஸ்கள் தடுமாறுவது இதனால்தான்.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மேல் உறையை உரித்து, ஒவ்வொரு சின்ன ஒயரையும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கலாம். உள்ளே செம்பு முழுதாக இருந்தால் ஒயர் கம்பிபோல் விறைப்பாக நிற்கும். அறுந்த இடத்தில் மட்டும் ரப்பர் பேண்டுபோல் நீளும், உறை மெலிந்து வெளுக்கும். இந்தச் சிவப்பு ஒயர் ரப்பர் முனையிலிருந்து 8 மில்லிமீட்டரில் அப்படி நீண்டது. உறையைக் கீறிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இழைகளின் முனைகள் கறுத்து, துடைப்பக் குச்சிபோல் பிரிந்து நின்றன. அறுந்த முனைகள் வளையும்போதெல்லாம் உரசிக்கொண்டிருந்திருக்கின்றன.

வெட்டி ஒட்டுவது

சிவப்பு மட்டும்தானே அறுந்தது, அதை மட்டும் ஒட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது. மற்ற மூன்றும் அதே இடத்தில் அதே அளவு மடிந்தவைதான், அடுத்த முறை அவற்றின் வரிசை. களைத்த பகுதி முழுவதையும் வெட்டி எறிய வேண்டும். ரப்பர் முனையிலிருந்து வெளியே 4 சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெட்டு. உள்ளே கனெக்டரிலிருந்து 3 சென்டிமீட்டர் வால் விட்டு இன்னொரு வெட்டு. கனெக்டரோடு இருக்கும் அந்த வால் மடங்காத பகுதி, அதில் குறை இருக்காது. கனெக்டரைக் கழற்றிவிட்டு ஒயரை நேராகப் போர்டில் பற்றவைப்பதும் உண்டு. ஆனால் கனெக்டரைப் பிடுங்கும்போது போர்டின் செம்புத் தடம் உரிந்து வரும் ஆபத்து இருக்கிறது. வாலோடு ஒட்டுவதே மேல்.

தேவை: 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர் 60/40 ஈயம் (பற்றவைக்கும் கம்பி), ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவுவது), 1.5 மில்லிமீட்டர் ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூட்டில் சுருங்கி ஒயரை மூடும் குழாய்) ஐந்து துண்டு, மொத்தத்துக்கும் மேலே போட 5 மில்லிமீட்டர் டியூப் ஒன்று, மெல்லிய கேபிள் டை ஒன்று. சால்டரிங் அயர்ன் 320 முதல் 350 டிகிரி.

பற்றவைப்பதற்கு முன்பே கேபிளில் கோத்துவிட வேண்டியவை: கழுத்து ரப்பர், பெரிய டியூப், ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சின்ன டியூப். ஐந்து ஒட்டும் போட்டு முடித்தபின் டியூப் மேசையில் கிடப்பதைப் பார்ப்பது இந்த வேலை செய்யும் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடப்பது. டியூப்களை ஒட்டும் இடத்திலிருந்து தூரத் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அயர்னின் சூட்டிலேயே அங்கேயே சுருங்கி நின்றுவிடும்.

பழைய கழுத்து ரப்பர் கேபிளோடு வார்க்கப்பட்டது. அதை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் பிளேடால் பிளந்து, பழைய கேபிள் துண்டை உருவி எறிந்துவிட்டு, புது இடத்தில் போர்த்திவிடலாம். மவுஸின் உடலில் அது உட்காரும் பள்ளம் அதை மூடிப் பிடித்துக்கொள்ளும்.

ஒயர்களை ஒரே நீளத்தில் வெட்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் விட்டு, படிக்கட்டுபோல் ஒட்டுகள் விழும்படி வெட்ட வேண்டும். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே ஒரு முண்டு உருவாகும், ஒரு டியூப் கிழிந்தாலும் பக்கத்து ஒட்டைத் தொடும். முனைகளை 4 மில்லிமீட்டர் உரித்து, இரண்டுக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, பக்கம் பக்கமாக வைத்து இரண்டு நொடி அயர்னைத் தொட்டால் சேர்ந்துவிடும். அதற்கு மேல் சூடு கொடுத்தால் உறை பின்வாங்கும்.

துணி பின்னல் போட்ட கேபிள்களில் ஈயம் பிடிக்கவே பிடிக்காமல் உருண்டு விழுந்தால், அந்த இழைகளுக்கு மேல் நிறமுள்ள வார்னிஷ் பூச்சு இருக்கிறது என்று பொருள். நடுவில் வலுவுக்காக நார் நூலும் சுற்றியிருப்பார்கள். நூலை வெட்டி எடுத்துவிட்டு, அயர்னை 380, 400 டிகிரிக்கு ஏற்றி, நுனியில் ஒரு சொட்டு உருகிய ஈயம் வைத்து அதற்குள் ஒயர் முனையை நுழைத்துப் பிடித்தால் பூச்சு எரிந்துபோய் ஈயம் பிடிக்கும். புகை மூக்குக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும்.

ஷீல்டு ஒயரையும் ஒட்டத்தான் வேண்டும். அதில்லாமலும் மவுஸ் ஓடும். ஆனால் வறண்ட காற்றில் உடலில் சேரும் நிலைமின்சாரம் விரல் நுனியிலிருந்து தாவும்போது மவுஸ் கழன்று சேரும் புது நோய் வரலாம்.

கணினியில் மாட்டுவதற்கு முன் இரண்டு அளவு. ஒவ்வொரு ஒயரும் மறுபடி 1 ஓமுக்குக் கீழே வருகிறதா, வளைத்தாலும் அப்படியே நிற்கிறதா என்பது ஒன்று. பிளக்கின் ஓரத்து இரு தகடுகளுக்கும் இடையே நேர்த்தொடர்பு இல்லை என்பது இன்னொன்று. பச்சையும் வெள்ளையும் மாறிப்போனால் பெரிய சேதம் இல்லை, கருவியை அடையாளம் தெரியவில்லை என்று கணினி சொல்லும், மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். சிவப்பும் கறுப்பும் மாறினால் உள்ளே இருக்கும் சிப் போய்விடக்கூடும், மறுபேச்சு இல்லை.

மூடியபின் வந்த வம்பு

ஒட்டு முடிந்து, மூடாமலே வைத்து அரை மணி நேரம் ஓட்டியதில் ஒருமுறைகூட அறுபடவில்லை. மூடி ஸ்க்ரூ போட்டதும், இடது பட்டனை அழுத்தும்போது மட்டும் கழன்றது. திறந்து பார்த்ததில் ஒட்டில் குறை இல்லை. ஐந்து டியூப் சேர்ந்து கேபிள் முன்பைவிடத் தடித்திருந்தது, அதை இடது பட்டனின் பிளாஸ்டிக் நாக்குக்குக் கீழே போட்டு மூடியிருந்தோம். பட்டன் அமுங்கும்போதெல்லாம் கனெக்டரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது.

மவுஸின் தரையில் கேபிளை வளைத்துக் கொண்டுபோக இரண்டு மூன்று சின்னத் தூண்கள் இருக்கும். அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல அவை. கேபிள் அவற்றுக்கிடையே பாம்புபோல் நெளிந்துபோனால்தான் வெளியே இழுக்கும் இழுப்பு ஒட்டுக்கு வராது. ஒட்டுகள் உள்ள பகுதியைப் போர்டின் பக்கவாட்டுக் காலி இடத்தில் படுக்க வைத்து, கேபிளை முதல் தூணுக்கு உட்புறம் கேபிள் டையால் இறுக்கி, டையின் தலை தூணில் மாட்டி நிற்கும்படி வைத்ததும் சரியானது. கேபிளை வெளியே பிடித்து இழுத்தால் டை தடுக்க வேண்டும், கனெக்டர் துளியும் அசையக் கூடாது. இதைச் செய்யாமல் மூடினால் பற்றவைத்த அவ்வளவும் வீண்.

கேபிள் நன்றாக இருந்தும் அறுந்தால், போர்டில் அந்த வெள்ளைக் கனெக்டரின் கால்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஈயத்தைச் சுற்றி மோதிரம்போல் ஒரு மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அது விரிசல். ஃப்ளக்ஸ் தொட்டு, கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கினால் போதும்.

செட்டிங்கில் இருப்பது

சும்மா விட்டபின் மட்டும் அறுபடும் மவுஸுக்கு இதுவரை சொன்ன எதுவும் தேவையில்லை. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட் (சும்மா இருக்கும் கருவியைத் தூங்க வைக்கும் வசதி) என்பதை நிறுத்த வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், மின்சாரம் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுக்க வேண்டும். ப்ளூடூத் மவுஸாக இருந்தால் ப்ளூடூத் அடாப்டருக்கும் இதே டிக் உண்டு.

ஒயர்லெஸ் மவுஸ்

ரிசீவர் குச்சியோடு வரும் மவுஸ்களில் முதல் சந்தேகம் பக்கத்து போர்ட் மேல். யூஎஸ்பி 3.0 வேகத்தில் தரவு ஓடும்போது அதன் இரைச்சல் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசை முழுவதும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ஆகவே வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகிக் கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் கர்சர் குதித்துக் குதித்து நகர்ந்தால், மவுஸைத் திறக்க வேண்டாம். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளில் ரிசீவரை மாட்டி, மவுஸிலிருந்து 20, 30 சென்டிமீட்டரில், டிஸ்க்கிலிருந்து விலக்கி வைத்தால் பெரும்பாலும் அந்த நொடியே சரியாகும். நீட்டிப்புக் கேபிள் 3.0 வகையாக இருக்க வேண்டியதில்லை. ரிசீவரை இரும்பு மேசையின் கீழோ கணினிப் பெட்டியின் பின்னாலோ ஒளித்து வைத்தால் உலோகமே சுவராகிவிடும்.

ப்ளூடூத் மவுஸுக்கு ரிசீவர் இல்லை, நகர்த்த முடியாது. மடிக்கணினியில் வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டில், ஆன்டெனாவைப் பகிர்ந்துகொண்டு இருக்கும். வைஃபையை 5 கிகா ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் 2.4-இல் நெரிசல் குறைந்து மவுஸுக்கு மூச்சு வரும்.

ரிசீவர் தொலைந்து, அதே நிறுவனத்தின் வேறு ரிசீவரை மாட்டிப் பார்ப்பவர்கள் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். உதாரணத்துக்கு, லாஜிடெக்கின் யூனிஃபையிங் ரிசீவரில் அதே நிறுவனத்தின் போல்ட் (Bolt) வகை மவுஸ் சேராது.

இரைச்சலும் இல்லை என்றால் பேட்டரி. பழைய ஆல்கலைன் பேட்டரி சும்மா அளந்தால் 1.4 வோல்ட் காட்டும், மவுஸ் சைகை அனுப்பும் நொடியில் சரிந்துவிடும். ஆகவே 10 ஓம் ரெசிஸ்டரை இரு முனைக்கும் குறுக்கே ஒரு நொடி வைத்து, அப்போது வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 1.1-க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். மவுஸைத் தட்டினால் அல்லது சற்றே தூக்கி வைத்தால் மட்டும் அறுந்தால், பேட்டரி பெட்டியின் ஸ்பிரிங் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கிறதா பார்க்கவும். ஆல்கலைன் பேட்டரி கசிந்த உப்பு காரத்தன்மை உள்ளது. பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். ஸ்பிரிங்கின் முலாம் போய்த் துரு தெரிந்தால், தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் சில வாரத்தில் திரும்பி வரும். அந்த ஸ்பிரிங்கை மாற்றுவதோ, அதன் அடியிலிருந்து நுனிவரை ஒரு மெல்லிய செம்பு ஒயரை ஓட்டி இரு முனையிலும் பற்றவைப்பதோதான் நிற்கும்.